மச்சாளின் பாஸ்போட்

"லாவோஸிலை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டார்கள் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும். முதலில் கேட்டவர், ஒஸ்லோவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து கத்தோலிக்கக் கோவிலின் கீழறையில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா. "ஒருத்தரும் இல்லை" என்றேன். "ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் போறியள்?" என்றார். அவர் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. எனக்கு ஏதோ வருத்தம், வைத்தியத்துக்குப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு இன்னொருவர் என் கையைப் பிடித்து, எனக்காகச் செபமாலை சொல்வதாகச் சொன்னார்.

கேட்காமல் என்ன செய்வார்கள்? நோர்வேக்கு வந்த இந்த முப்பது சொச்ச வருடத்தில் நானும் பயணம் என்று போனதெல்லாம் ஆட்களிடம்தான். ரொறன்ரோவில் சித்தி வீடு. லண்டனில் தம்பி வீடு. பாரிஸில் ஒன்றுவிட்ட அக்கா வீடு. ஊர் ஊராகப் போய் நான் கண்டது ஆட்களுடைய சோபாக்களை. ஈபிள் கோபுரத்தைக் கார் யன்னலால் பார்த்தேன். பின்னேரம் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் போகவேண்டியிருந்ததால் இறங்க நேரமில்லை. போகும்போது சூட்கேஸ் நிறையச் சொக்லேட்டும் மீனெண்ணெய்க் குளிசையும், வரும்போது மிளகாய்த்தூளும் சீலையும். விமான நிலையத்தில் வந்து கூட்டிக்கொண்டு போக ஒருவர் இல்லாத நாட்டுக்கு எங்கள் ஆட்கள் போனதாக நான் அறியவில்லை. அகதியாக வெளிக்கிட்டபோதுகூட ஏஜென்சிக்காரன் வந்து நின்றான்.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "முதுகிலை பையைக் கட்டிக்கொண்டு அகதியள் மாதிரி" என்று ஒருவர் சொன்னாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நோர்வேக்காரி முதுகில் பையோடு மலை ஏறினால் ஆரோக்கியம். நாங்கள் அதே பையைக் கொளுவினால் அகதி. இதை நோர்வேக்காரர் சொல்லியிருந்தால் நாலு பேர் கூடிக் கூட்டம் போட்டிருப்பார்கள். சொன்னது எங்கடை ஆள், அதுவும் வாய் நிறையப் பற்றிஸை வைத்துக்கொண்டு. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்று வந்துவிட்டேன்.

இந்தப் பயணம் எனக்காக வெளிக்கிட்டது இல்லை. மச்சாளுக்காக வெளிக்கிட்டது.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி; அவருக்கு நானும் மச்சாள்தான். என்னைவிட நாலு வயது கூட. நாங்கள் இரண்டு பேரும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலையில். கீழிருந்து வெளிச்சம் வருகிற மேசையில் மீன்துண்டைப் போட்டு, முள்ளும் புழுவும் பார்த்து எடுக்கிற வேலை. அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம், பதினொரு வருடம். இயந்திர இரைச்சலில் கதைக்க முடியாது. ஆனால் மச்சாளின் முழங்கையைப் பார்த்தே அன்றைக்கு அவருடைய மனம் எப்படி என்று எனக்குத் தெரியும். சந்தோஷமென்றால் முழங்கை அகலமாக வரும், என்னை இடிக்கும். கோபமோ துக்கமோ என்றால் விலாவோடு ஒட்டிக்கொள்ளும். வாயால் அவர் அதிகம் சொல்கிற ஆள் இல்லை.

பிறகு இரண்டு குடும்பமும் ஒஸ்லோவுக்கு வந்தோம். நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனேன். மச்சாளுக்கு நாலாம் மாடியில் ஒரு சின்ன வீடு, பல்கனியோடு. எனக்கு அங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி. அவருடைய கணவர் இறந்து நாலு வருடமாகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுச் சாவி, திறப்பு என்போம் நாங்கள், ஒன்று என் கோர்வையில் இருந்தது, இன்னொன்று அவருடைய மகனிடம். மணி அடித்துவிட்டு வாசலில் நிற்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. கறிச்சட்டியோடு போவேன், திறந்து உள்ளே போவேன், குளிர்ப்பெட்டியில் வைப்பேன், பழசாய்க் கிடப்பதை எடுத்து எறிவேன். வாழைமரம் மாதிரி ஒன்றைச் சட்டியில் வளர்த்தார். அது இடத்தை அடைக்கிறது என்று அதையும் நானே பல்கனி மூலைக்கு நகர்த்தினேன். இதிலே என்ன இருக்கிறது, உதவிதானே.

மகன் ஒரே பிள்ளை. ஸ்ட்ரோம்மன் பக்கம் புதுவீடு வாங்கியிருந்தான். போன இலையுதிர்காலத்தில் அவனுடைய பிள்ளையின் பிறந்தநாள் மண்டபத்தில், கேக் வெட்டி முடிந்த கையோடு, மைக்கைப் பிடித்து அறிவித்தான். "அம்மா இனி எங்களோடைதான். அவவின்ரை வீட்டை வாற வருஷம் விக்கிறம். கீழ் அறை ரெடி. பிள்ளையளைப் பார்னஹாகெ பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வரவும் ஆளாச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். "குடுத்து வைச்சனீங்கள்" என்று மச்சாளுக்குக் கைகொடுத்தார்கள். அவர் கேக்கைத் துண்டுபோட்டுத் தட்டுகளில் வைத்துக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. எனக்கு உச்சியில் ஏறியது. கேட்டவனா ஒருத்தன்? அவ்வளவு பேர் கூடின மண்டபத்தில் ஒருத்தராவது "அக்கா, உங்களுக்கு விருப்பமோ?" என்று கேட்டார்களா? பக்கத்தில் போய் நான் கேட்டேன். "அவன் நல்லதுக்குத்தானே சொல்லுறான்" என்றார். வாய் அப்படிச் சொன்னது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது.

அடுத்த கிழமை போய், திறப்பால் திறந்து, அவருடைய சாப்பாட்டு மேசையில் இருந்து சொன்னேன். "வீடு விக்கமுதல் எங்கையாவது போவம். எங்கை போக விருப்பம்?"

மச்சாள் யோசித்தார். "ஒருத்தரும் எங்களைத் தெரியாத இடத்துக்கு" என்றார்.

சொல்வது சுலபம்! பேரப்பிள்ளையின் உலகப் படத்தை மேசையில் விரித்துத் தேடினோம். சிங்கப்பூரில் மாமாவின் பெறாமகள். மலேசியாவில் பெரியப்பாவின் வழி ஒரு ஊரே இருக்கிறது. பாங்கொக்கில் அகதி அட்டையோடு காத்திருக்கிற நாலு குடும்பம். பாலித் தீவில் யாரோ ஒரு மருமகன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். எங்கள் சனம் கால் வைக்காத நாடொன்று இந்த உலகத்தில் கிடையாதா என்று எனக்கு எரிச்சலே வந்தது. கடைசியில் மச்சாளின் விரல் கடலில்லாத ஒரு நாட்டில் நின்றது. "இஞ்சை ஆரும் இருக்கினமோ?" என்றார். யோசித்துப் பார்த்தோம். ஒருத்தரும் இல்லை. லாவோஸ் அப்படித்தான் தீர்மானமானது.

பையைத் தந்தது என் மாடிக் கட்டடத்தில் இருக்கிற ஒரு பெண். தமிழ்நாட்டுப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். "ஆன்ட்டி, நாலு வாரமும் லாவோஸ் மட்டுமா? பஸ்ல, போட்லயா? இதுக்குப் பேரே ஸ்லோ டிராவல், செம்ம ஆன்ட்டி!" என்று குதித்தாள். மெல்லப் போவதற்கும் ஒரு பெயரா என்று கேட்டேன். சிரித்தாள். இரண்டு பைகளைக் கொண்டுவந்து, பட்டிகளை என் இடுப்புக்கு இழுத்துக் கட்டி, "டிரெஸ் மூணு செட் போதும், ப்ளீஸ், அரிசி பருப்பெல்லாம் எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்றாள். என்னைப் பற்றி அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. நான் எடுத்து வைத்திருந்த பருப்பைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். "யாரைப் பாக்கப் போறீங்க?" என்று கேட்காத ஒரே தமிழ்ப்பிள்ளை அவள்தான்.

சனவரியில், முழங்கால் உயரப் பனியில், மகன் எங்களைக் காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். வாசலில் வைத்து, தாயின் சிவப்புப் பாஸ்போட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். "மாமி, அம்மான்ரை பாஸ்போட்டை நீங்களே வைச்சிருங்கோ. அவ எங்கையாவது வைச்சிட்டு மறந்துபோடுவா." நான் வாங்கி என் கைப்பையின் உள் அறைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தேன். மச்சாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடுகளில் இது வழக்கம். ஒரு ஆள் எல்லாருடைய பத்திரங்களையும் வைத்திருக்கும். யுத்த காலத்தில் எங்கள் அம்மா ஏழு பேருடைய அடையாள அட்டைகளையும் ஒரு சொப்பின் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். அட்டை துலைந்தால் ஆள் துலைந்த மாதிரி. அந்தப் பழக்கம் நோர்வே வந்தும் போகவில்லை. எங்கே போனாலும் கணவருடையதும் பிள்ளைகளுடையதும் என் கைப்பையில்தான். ஆகவே நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

தாய்லாந்து எல்லையில் பாலத்தைக் கடந்து, முப்பது நாள் விசா குத்திக்கொண்டு, மீகொங் ஆற்றில் இரண்டு நாள் படகில் போனோம். கார் இருக்கையைக் கழற்றிப் பலகையில் ஆணி அடித்து வைத்த நீளமான படகு. எங்களைச் சுற்றி எங்கள் பிள்ளைகளைவிட இளசான வெள்ளைக்காரர் காதில் எதையோ செருகிக்கொண்டு படுத்திருந்தார்கள். மச்சாள் இரண்டு நாளும் யன்னலோரம் இருந்து ஆற்றைப் பார்த்தார். தூங்கவில்லை, புத்தகமில்லை, செபமாலைகூட இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. லுவாங் பிரபாங்கில் எந்த விகாரை, எந்த அருவி, எந்த நாள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தேன். மெல்லப் போகிற பயணத்துக்கும் நான் அட்டவணை போட்டேன், பாருங்கோ!

ஒவ்வொரு விடுதியிலும் மேசையில் பாஸ்போட்டைக் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான் கைப்பையைத் திறந்து இரண்டையும் எடுத்து வைப்பேன், அவர்கள் எழுதி முடித்ததும் இரண்டையும் உள்ளே போடுவேன். மச்சாள் பின்னால் நிற்பார்.

லுவாங் பிரபாங் சந்தையில் ஆற்று மீன் பரப்பியிருந்த பக்கம் அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். மீன் என்றால் எங்களுக்குத் தெரியாததா, பார்க்கட்டுமே என்று. அவர் நடுவழியில் நின்றார். "மீன் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போகாதையும். பதினொரு வருஷம் குனிஞ்சு மீனைப் பாத்தாச்சு" என்றார். அப்படி அவர் ஒன்றை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், வடக்கே 'நாம் ஊ' என்கிற ஆற்றில் ஒரு மணித்தியாலம் படகில் ஏறிப்போய் ஒரு சிற்றூரில் இறங்கினோம். ஒரே ஒரு மண் தெரு. சுற்றிவரச் செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலைகள். காலை பத்து மணி வரை மூடுபனி. விடுதி என்பது ஆற்றைப் பார்த்தபடி வரிசையாக நாலு மரக் குடில், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு விறாந்தை. விடுதி வீட்டுக்காரிக்கு எங்கள் வயதிருக்கும். அவளுக்கும் மச்சாளுக்கும் பொதுவான பாஷை ஒரு சொல்லும் கிடையாது. ஆனாலும் இரண்டாம் நாளே இரண்டு பேரும் அடுப்படியில் குந்தியிருந்து பசையரிசிச் சோற்றை மூங்கில் கூடையிலிருந்து கிள்ளி உருட்டிச் சாப்பிட்டுச் சிரித்தார்கள். அவள் ஏதோ சொல்வாள். மச்சாள் "ஓம், ஓம், அதுதானே" என்று யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொல்வார்.

என் அட்டவணைப்படி அங்கே இரண்டு நாள். ஆறு நாளாகிவிட்டது. மச்சாள் காலையில் தெருமுனை வரை நடப்பார், வருவார், விறாந்தையில் இருப்பார், ஆற்றைப் பார்ப்பார். அவ்வளவுதான் வேலை. ஒருநாள் நான் பக்கத்தில் போய் இருந்தபோது அவருடைய முழங்கை அகலமாய் வந்து என்னை இடித்தது. பாட்ஸ்பியோர்ட்டுக்குப் பிறகு அந்த இடி கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சும்மா சொல்லக்கூடாது.

ஏழாம் நாள் மகன் தொலைபேசி எடுத்தான். எனக்கு! தாய் நாலடி தூரத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கிறார், அவன் எனக்கு எடுக்கிறான். "மாமி, விஸ்னிங்கை முன்னுக்கு எடுத்தாச்சு." வீடு வாங்குகிறவர்கள் வந்து பார்க்கிற நாளைத்தான் இங்கே எல்லாரும் விஸ்னிங் என்போம். "தரகர் சொல்லுறார், இப்பதான் நல்ல நேரமாம். அம்மா வந்து கையெழுத்து வைக்கவேணும். டிக்கெட்டை மாத்திக்கொண்டு வாற கிழமை வாங்கோ. அம்மாட்டையும் சொல்லிவிடுங்கோ."

சும்மா விட்டேனா நான்! "அம்மாட்டையும் சொல்லிவிடுறதோ? உன்ரை அம்மா என்ன சூட்கேஸோ, நான் இழுத்துக்கொண்டு வாறதுக்கு? அவவின்ரை வீடு. அவவைக் கேட்டனியோ? ஒருநாள் கேட்டனியோ? வெக்கமில்லையோ உனக்கு?" ஆற்றுக்கு அக்கரையில் மாடு நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவன் "மாமி, மாமி" என்றபடியே வைத்துவிட்டான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு வருடமும் ஒருவரும் அவனிடம் கேட்காததை நான் கேட்டுவிட்டேன்.

மச்சாளிடம் போனேன். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ. மூண்டு நாளிலை படகு. போய் நான் அவனோடை நேரை கதைக்கிறன். உங்களைக் கையெழுத்து வைக்க நான் விடமாட்டன்."

மச்சாள் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "நீர் போம்" என்றார். "நான் இஞ்சை இன்னும் கொஞ்ச நாள் இருக்கப்போறன். என்ரை பாஸ்போட்டைத் தாரும்."

"ஏன்? என்னட்டைப் பத்திரமாத்தானே கிடக்கு."

"விசா நீட்டவேணும். லுவாங் பிரபாங்குக்குத் தன்ரை மகள் போகேக்கை கூட்டிக்கொண்டு போவாள் எண்டு வீட்டுக்காரி சொன்னவள்."

பாஷை தெரியாத வீட்டுக்காரி இதை எப்போது சொன்னாளாம்! எனக்கு ஆத்திரம் பொங்கியது. "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமோ? ஒண்டு நடந்தா ஆர் பாக்கிறது? பிரஷர் குளிசை முடிஞ்சாப் பிறகு?"

"மூண்டு மாசத்துக்குக் கொண்டுவந்தனான்" என்றார் மச்சாள்.

மூன்று மாதம். அப்படியென்றால் ஒஸ்லோவில் குளிசை எடுக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். நாலு கிழமைதான் என்று நான் விடுமுறை எடுத்து, பை இரந்து, பூசைக்கு வந்த சனத்திடமெல்லாம் பேச்சு வாங்கி, படகுக் கதிரையில் முதுகு நோக வந்திருக்கிறேன். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை! மகனுக்குச் சொல்லாதது நியாயம். எனக்குமா? நான் கைப்பையை எடுத்துக்கொண்டு என் குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நான் பாஸ்போட்டைக் கொடுக்கவில்லை. அடுத்த நாளும் கொடுக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சாப்பிட்டேன், மாட்டிக்கொண்டே குளியலறைக்குப் போனேன். அவருடைய நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்குத்தானடி உபதேசம் உனக்கில்லையடி என்பார்கள். அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை மச்சாள் என் விறாந்தைக்கு வந்து, எதிரே இருந்த பலகை வாங்கில் இருந்தார். சண்டை பிடிக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"சென்றியிலை நிண்டவங்கள்கூட" என்றார், "ஐடென்ரிக் காட்டைப் பாத்துப்போட்டுத் திருப்பித் தந்தவங்கள், மச்சாள்."

எங்கள் தலைமுறையில் அந்தச் சொல்லை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. காவலரணில் துவக்கோடு நின்ற பெடியன் முன்னால் அட்டையை நீட்டிவிட்டு, அது திரும்பிக் கைக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற சனம் நாங்கள். என்னை அந்தப் பெடியனுக்கும் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். கோபம் வந்தது, ஓம், அப்போதும் கோபம்தான் வந்தது. "நான் உங்களுக்கு என்ன செய்தனான்? உங்களுக்காகத்தானே..." என்று தொடங்கினேன். அவர் கையை நீட்டிக்கொண்டு இருந்தார். ஸிப்பை இழுத்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் திறந்து, தன் படத்தை ஒருமுறை பார்த்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நாங்கள் வெளிக்கிட்டதிலிருந்து அன்றைக்குத்தான் அது அவர் கைக்குப் போனது.

நான் அடுத்த நாள் படகு ஏறினேன். மச்சாளும் வீட்டுக்காரியும் கரையில் நின்று கைகாட்டினார்கள். நான் காட்டவில்லை. பிறகு காட்டலாம் என்று திரும்பியபோது படகு வளைவு கடந்துவிட்டது.

ஒஸ்லோவில் இறங்கினால் மகன் நிற்கிறான். "அம்மா எங்கை?" என்றான். "லாவோஸிலை" என்றேன். "ஆரோடை?" "தன்னோடை." அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கார் முழுக்க அவன் கத்தினான். நான் எப்படி அவரைத் தனியே விடலாமாம், பாஸ்போட் என்னிடம்தானே இருந்ததாம், ஏன் கொடுத்தேனாம். அவனுடைய கத்தலில் நான் என் குரலைத்தான் கேட்டேன். கையெழுத்து வைக்க ஆளில்லாமல் விஸ்னிங் நின்றுபோனது.

பூசைக்குப் போனால் இன்னும் அநியாயம். "மச்சாளை அங்கை விட்டிட்டு வந்திட்டாவாம்." "ஏதோ காணிப் பிரச்சினையாம்." "அங்கை ஆரோ இருக்கினமாம், இல்லாட்டி ஏன் நிக்கிறா?" போகும்போது ஆர் இருக்கினம் என்று கேட்டவர்கள், இப்போது ஒரு ஆளை அவர்களே அங்கே குடிவைத்துவிட்டார்கள். அறுபத்துமூன்று வயதுப் பெண் ஆற்றங்கரையில் சும்மா இருக்கிறாள் என்பதை மட்டும் ஒருவரும் நம்பத் தயாரில்லை. அன்றைக்கு நான் கோப்பி குடிக்காமல் வந்துவிட்டேன். அதன் பிறகு சில கிழமை கோவிலின் மறுபக்க வாசலால் போய் வந்தேன்.

மச்சாளிடமிருந்து இடைக்கிடை ஒரு படம் வரும். ஆறு. மறுபடி ஆறு. ஒருநாள் வீட்டுக்காரியின் நாய். எழுத்து ஒன்றும் இருக்காது.

தவக்காலத்தின் மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய் பின்னேரம், தொலைபேசி அடித்தது. மச்சாள். பின்னால் பழக்கமான சத்தம், எங்கள் தே-பானெ ரயில் வளைவில் உரசுகிற சத்தம்.

"எங்கை நிக்கிறியள்?"

"வீட்டிலை. பல்கனியிலை. நேற்று வந்தனான்."

நேற்று! விமான நிலையத்தில் ஒருவரும் வந்து நிற்காமல், பையை முதுகில் போட்டுக்கொண்டு, ரயிலேறி, பனிச்சேற்றில் நடந்து, தன் வீட்டுக்குத் தானே வந்திருக்கிறார். "எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தா நான் வந்து நிண்டிருப்பன்தானே!" என்று கத்தினேன். அதுதான் எனக்கு வருகிறதே, கத்தல்.

"தெரியும்" என்றார். "தேத்தண்ணி குடிக்க வாரும். வீடு விக்கேல்லை. மகனுக்கும் சொல்லிப்போட்டன். பிள்ளையளைச் சனிக்கிழமையிலை பாக்கிறன், அது காணும் எண்டு." கோப்பையொன்றை வைக்கிற சத்தம் கேட்டது. "என்ரை வீட்டுத் திறப்பு ஒண்டு உம்மட்டை இருக்கெல்லே. அதையும் கொண்டுவாரும். அவன்ட்டை இருந்ததை நேற்றே வாங்கிப்போட்டன்."

தொலைபேசியை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. நாலு வருடம் கறி கொண்டுபோனவள் நான். இரவில் விழுந்து கிடந்தால் என்ன செய்வார், யார் திறப்பார்? இதையெல்லாம் சொல்ல வாயில் வைத்திருந்தேன். திறப்புக் கோர்வையிலிருந்து அந்தத் திறப்பைக் கழற்ற நேரமெடுத்தது. வளையம் இறுகிப்போயிருந்தது, நகம் பிய்ந்தது.

இரண்டு ஸ்டேஷன் போய், நாலு மாடி ஏறி, கதவடியில் நின்றேன். பழக்கத்தில் கை திறப்பைத் துவாரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. எடுத்தேன். மணி எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது. அழுத்தினேன். உள்ளே மச்சாளின் காலடி மெல்ல வந்தது, மிக மெல்ல, அவசரம் ஒன்றும் இல்லாமல். நான் வாசலில் நின்றேன், திறப்பைக் கையில் நீட்டியபடி.